பிரிஞ்சி மரம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

“பிரியாணி இலை மரம் தொட்டியில வச்சிருக்கேன் சார். இலையெல்லாம் மஞ்சளாகி உதிருது. பஞ்சகவ்யா எத்தனை நாளைக்கு ஒருதரம் ஊத்தணும்?” இப்படி மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போனில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: “தொட்டியைக் கவுத்து வேரைப் பாத்தீங்களா?” பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

இலையில் தெரிகிற மஞ்சள் பழைய செய்தி. வேரில் ஒன்றிரண்டு மாதம் முன்பே நடந்து முடிந்த சங்கதி இப்போதுதான் மேலே வந்து சேர்ந்திருக்கிறது. தக்காளி, கத்தரிக்கு வேர் கெட்டால் சீக்கிரமே தலை தொங்கிவிடும். பிரிஞ்சி, கருவா போன்ற தடித்த, மினுமினுப்பான இலை உள்ள மரங்கள் அப்படி இல்லை. உள்ளே வேர் பாதி போன பிறகும் வெளியே பச்சையாக நின்று ஏமாற்றும். அப்புறம் ஒரே மாதத்தில் மொட்டையாகும். அந்த நேரத்தில் நாம் செய்வது என்ன? பஞ்சகவ்யா, மீன் அமிலம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறோம். குடிக்க வாய் இல்லாதவனுக்குப் பாயசம் வைத்த கதை. வங்கியில் இருந்தபோது, திருப்பிக் கட்ட முடியாதவருக்குப் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்துக் கணக்கைப் பச்சையாகக் காட்டுவதை ‘எவர்கிரீனிங்’ என்போம். என்றும் பச்சையாக இருக்கிற மரத்துக்கும் அதே வைத்தியத்தைச் செய்கிறோம்.

தொட்டியில் மரம் வைப்பது மாடித்தோட்டக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று உழவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் வயல் என்றால் நஞ்சை. கார், பிசானம் என்று இரண்டு போகமும் தண்ணீர் நிற்கிற களி மண். பிரிஞ்சி, கருவா, கிராம்பு, ஜாதிக்காய் எதுவுமே காலடியில் தண்ணீர் நின்றால் பிழைக்காது. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மரம் வைக்க நிலத்துக்காரர் சம்மதிக்கமாட்டார். வைத்தால் உரிமை கொண்டாடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அதனால் வீட்டு முற்றத்திலும் களத்து ஓரத்திலும் வாளியிலும் டிரம்மிலும் மரம் வளர்க்கிறவர்கள் இங்கே கணிசமாக உண்டு. அது போக, நர்சரியில் நாம் வாங்குகிற ஒவ்வொரு கன்றும் பிளாஸ்டிக் பையில்தானே வருகிறது? அந்தப் பையும் ஒரு தொட்டிதான். அங்கே வேருக்கு நடந்த கெடுதல் நம் தோட்டம் வரைக்கும் கூட வரும்.

நம் கையில் இருப்பது எந்த மரம் என்று முதலில் தெரிய வேண்டும். ‘பிரியாணி இலை’ என்ற பெயரில் குறைந்தது நாலு மரம் விற்கிறார்கள்.

மேலைநாட்டுச் சமையலில் சொல்கிற பே இலை, லாரஸ் நோபிலிஸ் என்ற மத்தியதரைக்கடல் மரம். அதன் இலையில் நடுநரம்பு ஒன்றுதான். கிளை நரம்புகள் அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும். நம் ஊர் மளிகைக்கடையில் பிரிஞ்சி இலை என்று கிடைப்பது பெரும்பாலும் இமயமலை அடிவாரத்து மரமான சின்னமோமம் தமாலா. வடக்கே தேஜ்பத்தா என்பார்கள். சித்த மருந்துக்கடையில் இலவங்கப்பத்திரி. இதில் இலையின் அடியிலிருந்து நுனிப் பக்கம் வரை மூன்று நரம்பு நீளமாக ஓடும், கோடு போட்ட மாதிரி. கருவா இலைக்கும் கிட்டத்தட்ட இதே மூன்று நரம்பு. அதனால் கருவாக் கன்றே பிரிஞ்சி என்று கைமாறுகிறது. நாலாவது சர்வசுகந்தி. அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்து மரம், கொய்யா குடும்பம். இலை எதிர் எதிராக வரும், கசக்கினால் கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கேரளத்திலிருந்து வருகிற கன்றுகளில் இது நிறைய.

இந்த நாலில் லாரஸ் நம் சமவெளி வெயிலுக்குச் சரிப்படாது. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும். மத்தியதரைக்கடல் மரம் வருஷம் முழுக்க நிழலும் காற்றும் தேடிக்கொண்டு நிற்கும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், வருமானத்துக்கு வேண்டாம். தமாலாவும் கருவாவும் மலைச்சாரல் பிள்ளைகள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, கருவா எல்லாம் கொண்டுவந்து தோட்டம் போட்டுப் பார்த்தது சாரலை நம்பித்தான். அங்கிருந்து கிழக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி வந்தால் அதே கன்றுக்கு மதிய வெயிலில் நிழல் வேண்டும். சர்வசுகந்தி வெயிலை ஓரளவு தாங்கும். நம் பக்கம் தொட்டிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். (களக்காடு, முண்டந்துறைக் காட்டில் காட்டுக்கருவா இருக்கிறதே, ஒரு கன்று பிடுங்கி வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அது புலிகள் காப்பகம். வேண்டாத வேலை.)

இனி விஷயத்துக்கு வருவோம். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தம்பதி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் குத்தகைக்கு நெல் போடுகிறவர்கள். சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கி 24 கன்று வாங்கி, 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் வைத்து, மூன்று வருஷம் வளர்த்திருந்தார்கள். இலையை உலர்த்தி மேலப்பாளையத்தில் இரண்டு சமையல்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியதில் அவர்கள் முற்றத்தில் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர். ஐந்து வாளி மிதந்து போயிற்று. 19 வாளி வண்டல் மூடிக் கிடந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு மேலே படிந்த சேற்றை வழித்துவிட்டு, மரம் பச்சையாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாகிவிட்டார்கள். தை மாதம் இலை மங்கத் தொடங்கியது. “பயந்துபோய் வாரத்துக்கு ரெண்டு தடவ பஞ்சகவ்யாவும் புண்ணாக்குத் தண்ணியும் ஊத்துனோம் அண்ணாச்சி, அப்புறந்தான் இன்னும் மோசமாப் போச்சு” என்றார் அந்த அம்மா. மாசி மாதம் நான் போனபோது 19-ம் பாதி இலை உதிர்ந்து நின்றன. குழுவில் அடுத்த தவணை கட்ட வேண்டிய நேரம் அது. “இதத் தூரப் போட்டுட்டு வேற கன்னு வாங்கலாமா, இல்ல காப்பாத்த முடியுமா, அத மட்டும் சொல்லுங்க” என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார்.

அதைச் சொல்ல இரண்டு சோதனை போதும். முதலாவது நகக்கீறல். நுனிக்கிளையில் தொடங்கி கீழ்நோக்கி, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் போனது. நுனி போய்விட்டாலும் அடிமரத்தில் பச்சை இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இந்த மரங்கள் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் சுபாவம் உள்ளவை. இரண்டாவது, தொட்டியைக் கவிழ்ப்பது. முந்தின நாள் லேசாகத் தண்ணீர் விட்டு, வாளியைப் படுக்கவைத்து, சுற்றிலும் கையால் தட்டி, அடிமரத்தைப் பிடித்து உருவ வேண்டும். வராவிட்டால் பழைய ஆக்சா பிளேடை ஓரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வந்துவிடும். இலையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்த மண்கட்டியைப் பார்த்தவுடன் பாதிக் கதை புரிந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், நசுக்கினால் கெட்டியாக இருக்கும், மண் வாசனை வரும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு உள்ளே நார் மிஞ்சும், சாக்கடை நாற்றம் அடிக்கும். சேரன்மகாதேவி வாளிகளைக் கவிழ்த்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். அடிப்பக்கம் கால்வாசி மண் கன்னங்கரேல் என்று குழைந்து கிடந்தது. வாளிக்கு அடியில் ஒரே ஒரு ஓட்டை, அதையும் வண்டல் அடைத்திருந்தது. காற்று இல்லாத சேற்றில் வேர் மூச்சடைத்துச் செத்திருக்கிறது. அதன்மேல் பஞ்சகவ்யாவும் புண்ணாக்கும் போய் மிச்சமிருந்த காற்றையும் தின்றுவிட்டன. பஞ்சகவ்யா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்து லிட்டருக்கு 300 மில்லி கலந்து உயிருள்ள செடிக்கு அடித்தால் அது தங்கம். வேர் அழுகிய தொட்டிக்குள் ஊற்றினால் கேடு.

வெள்ளம் வராத வீடுகளில் அழுகலைவிட அதிகம் பார்ப்பது வேர் நெரிசல். மூன்று நான்கு வருஷம் ஒரே தொட்டியில் நின்ற மரத்தை உருவினால் மண்ணே தெரியாது. தொட்டி வடிவத்தில் பின்னிய வேர்க்கூடை ஒன்று வரும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு. காலையில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓரமாக ஓடி அடியில் வந்துவிடும், மாலையில் செடி வாடும். புதுத் துளிர் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப் போகும். ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். மண்கட்டி ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அதற்கு அப்புறம் மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது. தினமும் தண்ணி விடுகிறேனே என்று நாம் சொல்வோம், உள்ளே வேர் தாகத்தில் கிடக்கும். அப்படிப்பட்ட கட்டியைத் தொட்டி மாற்றுவதற்கு முன் ஒரு பெரிய வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைக்க வேண்டும்.

மூன்றாவது வியாதி உப்பு. ஜூனில் கார் சாகுபடிக்குக் கால்வாய் திறந்ததிலிருந்து பிசானம் முடிகிறவரை நமக்கு ஆற்றுத் தண்ணீர் உண்டு. அது நல்ல தண்ணீர். கோடையில் கால்வாய் வறண்டதும் போர்த் தண்ணீருக்கு மாறுகிறோம். பல ஊர்களில் அது சப்பென்று உவர்ப்பாக இருக்கும். வயலில் மழை வந்து உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். தொட்டியில் அது போக வழி இல்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளை படிவதும், இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகுவதும் அதன் அடையாளம். புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் தண்ணீரின் சுண்ணாம்புத் தன்மையால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். இதற்குத் தொட்டி மாற்றவே வேண்டாம். 20 லிட்டர் தொட்டி என்றால் 40 லிட்டர் நல்ல தண்ணீரை, மழைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு காலைப் பொழுது முழுக்கப் பைய ஊற்றி அடியில் வடியவிட்டால் பெரும்பகுதி உப்பு போய்விடும். அதற்குப் பிறகும் துளிர் மஞ்சளாகவே வந்தால் சிலர் அன்னபேதி கரைத்துத் தெளிக்கிறார்கள். இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் சான்றளிப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அழுகலுக்கும் நெரிசலுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மரம் போகிறது.

நெரிசல் என்றால் மரம் ஆரோக்கியமானது, வீடுதான் சின்னது. கட்டியின் வெளிச்சுற்றில் இரண்டு விரல்கடை கனத்துக்குச் சுருண்ட வேரைக் கத்தியால் சீவிவிட வேண்டும். அடியில் வட்டமாகச் சுற்றிக் கிடக்கிற பாயை அப்படியே அறுத்து எடுத்துவிடலாம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலு இடத்தில் ஒரு விரல் ஆழம் கீறல். அடிமரத்தை ஒட்டி மாலை போலச் சுற்றிய தடித்த வேர் இருந்தால் அதைக் கட்டாயம் வெட்ட வேண்டும். மரம் பருக்கப் பருக்க அது தூக்குக்கயிறாக இறுகும். இதைச் செய்யும்போது கை நடுங்கும். நடுங்கட்டும், ஆனால் வெட்டுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் வெளிப்பக்கமாக ஓடும். புதுத் தொட்டி பழையதைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் கொண்டுபோய் வைத்தால் வேர் போகாத மண்ணில் ஈரம் தேங்கி, நெரிசலை அழுகலாக மாற்றிவிடும். பெரிய தொட்டி வைக்க இடமில்லை என்றால் வேரைச் சீவி, அதே தொட்டியில் புது மண்ணோடு திருப்பி வைக்கலாம்.

அழுகல் என்றால் முறையே வேறு. பழைய மண் முழுவதையும் உதிர்த்து, குழாய்த் தண்ணீரில் வேரைக் கழுவி, கறுத்ததையெல்லாம் நல்ல வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்ட வேண்டும். கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் நெருப்பில் காட்டித் துடைப்பது நல்லது. பிறகு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் வேரை நனைத்து வைத்தோம். வேர் பாதியாகிவிட்டதால் மேலேயும் காய்ந்த கிளை, கூட்டமான கிளைகளைக் குறைத்தோம். உயிருள்ள கிளையை மூன்றில் ஒரு பங்குக்குமேல் தொடவில்லை. அதன் பிறகு அந்த அம்மாவுக்கு நம்பவே முடியாத ஒன்றைச் சொன்னேன். பெரிய தொட்டி வேண்டாம், இருப்பதைவிடச் சின்னது எடுத்து வாருங்கள் என்று. வேர் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மண். உள்ள வேர் குடிக்க முடிகிற ஈரத்துக்கு மேல் மண் பிடித்து வைத்திருந்தால் மறுபடி அழுகும். எட்டு, பத்து லிட்டர் மண்தொட்டிகளில் வைத்தோம். மண்தொட்டியின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போகும், காற்று வரும். நோயாளி மரத்துக்குப் பிளாஸ்டிக்கைவிட அது மேல்.

மண் கலவை பற்றி ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். நான் போடுவது: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தண்ணீர் வடிய வைக்கும் பொருள் ஒரு பங்கு. வயல் களியைத் தொட்டியில் போட்டால் ஆறு மாதத்தில் செங்கல். தேரிமண் தண்ணீரை நிறுத்தாது, சத்தையும் நிறுத்தாது. வடிகாலுக்கு ஆற்று மணலை நான் சொல்லமாட்டேன். நம் ஆறு ஏற்கனவே பட்டது போதும். செங்கல் சூளையில் கிடக்கிற உடைசலை மொச்சைக்கொட்டை அளவுக்குத் தட்டிச் சலித்துக்கொள்ளலாம். ரைஸ்மில் பக்கத்தில் இருந்தால் கருக்கிய உமி நல்ல பொருள். கறுப்பாகக் கருகியது வேண்டும், வெள்ளைச் சாம்பல் வேண்டாம். சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும், ஈரத்தில் கட்டியாகும். தேங்காய் நார்க்கழிவு சேர்க்கிறவர்கள் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள். அதிலும் உப்பு உண்டு. தொழு உரத்தில் கிலோவுக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து சேர்த்தால் அழுகல் பூஞ்சைக்கு எதிர்காவல். வேப்பம்புண்ணாக்கு தொட்டிக்கு ஒரு கைப்பிடி, அதையும் அந்த வாரத்திலேயே கலந்து ஆறவிட வேண்டும். வெட்டிய வேரோடு பச்சைப் புண்ணாக்கு சேர்ந்தால் சூடு கிளப்பும்.

அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அது சரியில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லிக்குள் சட்டென்று இறங்காது. மேல் மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்ட உயரத்துக்கு ஈரம் தேங்குகிற இடம் மேலே ஏறி வேர்ப்பக்கம் வருகிறது, அவ்வளவுதான். ஓட்டையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஓட்டை நாலைந்து இருக்கட்டும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று போகட்டும்.

நடும்போது அடிமரம் முன்பு எந்த மட்டத்தில் மண்ணுக்கு வெளியே இருந்ததோ அதே மட்டம். ஆழமாகப் புதைத்தால் கழுத்தழுகல் வரும். கையால் மெதுவாக அமுக்கி, அடியில் வடிகிறவரை ஒரு தண்ணீர். பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். தினசரி ஒரு சொம்பு என்கிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூன்று வாரம் தென்னங்கீற்று நிழல், காலை மாலை இலைமேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பு. ஒரு மாதத்துக்கு எந்த உரமும் கரைசலும் கிடையாது. இதுதான் நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஏதாவது ஊற்றாமல் கை சும்மா இருக்காது. துளிர் விரல்கடை அளவு வந்த பிறகு பஞ்சகவ்யாவைப் பாதி அளவில், இலைமேல் மட்டும் தெளித்துத் தொடங்கலாம்.

எப்போது செய்வது? அழுகலுக்கு நாள் பார்க்கக்கூடாது, தெரிந்த அன்றைக்கே. நெரிசலுக்கு இரண்டு பருவம் உண்டு. தை, மாசி: மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் வேர் பிடித்துவிடும். இன்னொன்று ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் பாதி. அதற்குப் பிந்தினால் ஐப்பசி மழை புது மண்ணை ஊறவைத்துவிடும். எனக்குத் தையே மேல். பங்குனியிலிருந்து வைகாசிவரை தொட வேண்டாம். ஆடியில் மேற்கே கணவாய்க் காற்று அடிக்கிற ஊர்களில் புதிதாக வைத்த மரத்தை ஆட்டி ஆட்டி வேரை அறுத்துவிடும், கம்பு கட்டினாலும் சிரமம்.

கோடையில் மேற்கு வெயில் படுகிற பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும். அந்தப் பக்கத்து வேரெல்லாம் வெந்திருக்கும். வெளியே சுண்ணாம்பு அடிப்பதோ, நனைத்த சாக்கைச் சுற்றுவதோ, தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி வைப்பதோ எது முடிகிறதோ அதைச் செய்யலாம். மேல்மண்ணுக்குச் சருகு மூடாக்கு, அடிமரத்தைத் தொடாமல்.

பூச்சி பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலை அடியிலும் குச்சியிலும் பழுப்புச் செதில் ஒட்டியிருந்து, இலைமேல் கரி பூசிய மாதிரி இருந்தால் செதில்பூச்சி. எறும்பு ஏறுவதைத் தடுத்து, வேப்பெண்ணெயைக் காதிபார் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் வாரம் ஒருமுறை அடித்தால் மூன்று வாரத்தில் அடங்கும். கருவாவிலும் தமாலாவிலும் துளிரைத் தின்கிற புழு வரும். அது அழகான வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. நாலைந்து இருந்தால் விட்டுவிடலாம், பத்து இருந்தால் பொறுக்கிக் காட்டுப்பக்கம் விடலாம். மருந்து தேவையில்லை.

சேரன்மகாதேவிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 19-ல் பன்னிரண்டு சர்வசுகந்தி, ஏழு தமாலா. சர்வசுகந்தியில் ஒன்பதும் தமாலாவில் இரண்டும் பிழைத்தன. சித்திரையில்தான் முதல் துளிர். அதுவரை அந்த அம்மா தினம் ஒருதரம் நகத்தால் சுரண்டிப் பார்த்துப் பார்த்து ஒரு மரத்தின் பட்டையையே காயப்படுத்திவிட்டார். வாரம் ஒருதரம் போதும் தங்கச்சி என்று சொல்ல வேண்டியிருந்தது. எட்டு மரம் போனது நஷ்டம்தான். தை மாதமே கவிழ்த்துப் பார்த்திருந்தால் அதில் பாதியாவது நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. பிழைத்த பதினொன்றில் ஒரு வருஷம் இலை பறிக்கவில்லை. அதற்குப் பிறகும் முற்றிய அடி இலையை மட்டும், மரத்தில் நாலில் ஒரு பங்குக்குமேல் போகாமல் எடுக்கிறார்கள். குழுத் தவணையை இரண்டு வருஷம் தள்ளிக் கேட்டு, நெல் வருமானத்திலிருந்து கட்டி வருகிறார்கள். இப்போது வாளிகள் எல்லாம் திண்ணை உயரத்துக்குக் கட்டிய கல்மேடையில் இருக்கின்றன.

தொட்டி வைக்காதவர்களுக்கு ஒன்று. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைக்கிறவர்களும், மேற்கே ஜாதிக்காய், கிராம்பு வைக்கிறவர்களும் பைக்கன்றை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். சின்னப் பையில் நெஞ்சளவு நிற்கிற கன்று விலை குறைவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அது இரண்டு வருஷம் விற்காமல் நின்ற கன்றாக இருக்கலாம். பையின் அடிப்பக்கத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், மண் நெகிழாமல் கயிற்றுப்பந்து மாதிரி இருந்தால் உள்ளே வேர் சுருண்டிருக்கிறது. அதை அப்படியே குழியில் வைத்தால் வேர் குழிக்குள்ளேயே சுற்றும். நாலைந்து வருஷம் கழித்து, காய்க்கிற நேரத்தில் ஒரு காற்றில் சாயும். காரணம் தெரியாமல் காற்றைத் திட்டுவோம். நர்சரியில் ஒரு கன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், அந்த ஒன்றுக்கு நீங்களே காசு கொடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகும் நடுவதற்கு முன் அடிச்சுருளை அறுத்து, பக்கத்தில் நாலு கீறல் போட்டு, வேரை வெளிப்பக்கம் விரித்துக் குழியில் வையுங்கள்.